மாமா எனக்கு எஃப்.சி. எடுக்கப் போன நாள்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். யாரும் கேட்காமலே இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம், இங்கேயும் சொல்லிவிட்டேன். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. அம்மாவின் தம்பியான மாமா, தன் ஷேர் ஆட்டோவின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கும் அளவுக்கு மட்டும் பள்ளிக்கூடம் பார்த்தவர். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து போன என்னை, மூன்றாம் வகுப்போடு திருப்பி அனுப்பிவிட ஒரு திங்கட்கிழமையைக் குறித்துவிட்டார்கள்.

காரணம், என்னால் உட்கார முடியாது. அடம் என்று எல்லோரும் சொன்னார்கள். அடம் இல்லை. உட்காரத்தான் நினைப்பேன், நினைத்து முடிப்பதற்குள் கால் வாசலைத் தாண்டியிருக்கும். பக்கத்துப் பெண்ணின் சிலேட்டு, டீச்சரின் பேனா, ஜன்னலுக்கு வெளியே போகும் ஆடு, எல்லாமே என் கையைக் கூப்பிடும். ஒருநாள் இடைவேளையில் கூட்ஸ் வண்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒலக்கூர்ப் பக்கம் தண்டவாளத்தோடு நடந்துவிட்டேன். கேட் போடுகிறவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது, தலைமையாசிரியை நாற்காலியில் உட்கார முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் என்று இப்போது தெரிகிறது.

அம்மாவைக் கூப்பிட்டு அவர் சொன்னது இதுதான். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு ஏற்கெனவே ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநல டாக்டரிடம் காட்டி, திங்கட்கிழமைக்குள் அவர் கையால் ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டியதுதான். நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்வது யார்?

அன்று புதன்கிழமை. அந்த டாக்டர் வாரத்தில் வியாழன் மட்டும்தான் வருவார்.

அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெண் பிள்ளையை அந்த மாதிரி டாக்டரிடம் காட்டினால் ஊர் ஒரு பெயர் வைத்துவிடும், அது கல்யாணம் வரைக்கும் கூடவே வரும், படித்தது போதும், மாட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றார். அம்மா மாமாவுக்குப் போன் போட்டு, விடியற்காலையில் வரச் சொன்னாள்.

மாமாதான் எங்கள் வீட்டின் ஆஸ்பத்திரி நிபுணர். திண்டிவனத்திலிருந்து எத்தனையோ நோயாளிகளை ஏற்றி இறக்கியவர். டாக்டர் கடிதம் என்றதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வருடா வருடம் அவர் ஆட்டோவுக்கு எஃப்.சி. எடுப்பார். ஓட லாயக்கான வண்டி என்று அதிகாரி பார்த்துக் கொடுக்கும் சான்று அது. அதற்கு முதல் நாள் வண்டியைக் கழுவி, துரு தெரியும் இடத்தில் பெயின்ட் அடித்து, மொட்டை டயரைக் கழற்றிவிட்டு நண்பனிடம் நல்ல டயர் இரவல் வாங்கி மாட்டுவார். அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். பாஸ். மறுநாள் டயர் திரும்பிப் போய்விடும்.

"அதே மேட்டருதான்க்கா. புள்ள லாயக்குன்னு டாக்டரு எழுதிக் குடுக்கணும், அவ்ளோதான்" என்றார்.

என்னைக் கழுவினார்கள். எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னி, புது ரிப்பன் கட்டினார்கள். சீருடைக்கு இஸ்திரி போட்டார்கள். டயருக்குப் பதிலாக, மாமா தன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் இரவல் வாங்கி வந்திருந்தார். ஷூ எனக்கு ஓர் அளவு சின்னது. கை கட்டு, வாய் மூடு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், பொம்மை மாதிரி இரு. இருந்துவிட்டால் திண்டிவனம் கடையில் தொங்குகிற சிவப்பு சைக்கிள் உனக்கு என்றார்.

அம்மாவுக்கும் ஒரு பாடம் இருந்தது. விழுப்புரம் பஸ்ஸில் குரலைத் தாழ்த்திச் சொல்லிக் கொடுத்தார். கயிற்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

கயிறு எங்கள் வீட்டு ரகசியம். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுக்கப் போகும்போது அம்மா என் இடது காலைப் புங்கமரத்தோடு கட்டிவிடுவாள். நான் இழுத்து இழுத்துக் கணுக்காலில் கறுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. அதற்குத்தான் சாக்ஸ். பிள்ளையைக் கொடுமை செய்கிறாள் என்று கேஸ் எழுதி, அம்மாவைப் போலீஸிலும் என்னை ஹோமிலும் போட்டுவிடுவார்கள் என்று மாமா சொன்னார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு ஷூ கடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு பேசுகிறவர். மேஜை மேல் மரக்கட்டைகளும் கலர் பென்சிலும் பரப்பினார். நான் தொடவில்லை. எடுக்கச் சொன்ன பிறகு ஒரு கட்டையை எடுத்தேன், ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன், கையைக் கட்டிக்கொண்டேன். ஷூவுக்குள் விரல்கள் நெரிந்து எரிந்தன. அந்த எரிச்சலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்தது அதுவே முதல் தடவை.

பள்ளிக்கூடத்தில் சும்மா ஒரு சான்று கேட்கிறார்கள் என்று தொடங்கி, கேள்விகளுக்கெல்லாம் மாமாவே பதில் சொன்னார். மருத்துவக் குழு எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. அதைக் காட்டினால் வீணாகச் சந்தேகம் வரும் என்று வெளியே எடுக்கவில்லை. டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்து, வீட்டில் எப்படி என்று கேட்டார். நல்லாத்தான் இருக்குதுங்க என்றாள். கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு முறை கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அதையே சொன்னாள்.

இன்று பார்த்தவரையில் தொந்தரவு எதுவும் தெரியவில்லை என்று சீட்டில் எழுதி, ஏதாவது இருந்தால் பள்ளியில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். மாமா சீட்டை நான்காக மடித்து வைத்துக்கொண்டு, வராந்தாவிலேயே என் தலையில் தட்டினார். பாஸ்.

பஸ்ஸில் ஏறியதும் ஷூவைக் கழற்றி எறிந்தேன். காலையிலிருந்து உள்ளே அமுக்கி வைத்திருந்ததெல்லாம் கால் வழியாகப் பொங்கி வந்தது போல இருந்தது. சீட்டில் ஏறினேன், இறங்கினேன், முன்னால் இருந்தவரின் துண்டை இழுத்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகள் வரிசையில் நின்றன. அடுத்த வரிசையில் ஒரு லாரியின் மேல் ராட்டினக் குதிரைகள். எந்தத் திருவிழாவுக்கோ போகின்றன. சிவப்பும் பச்சையுமாக, கால்களைத் தூக்கிக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

நான் எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. குதிரையின் கண்ணை மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் காது கிழிகிற பிரேக் சத்தம். எனக்கும் ஒரு டேங்கர் லாரியின் முகத்துக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது. இன்ஜின் சூடு என் முகத்தில் அடித்தது.

டிரைவர் இறங்கவில்லை. "பெத்து ரோட்ல விட்டுட்டுத் தூங்குதுங்க பாரு" என்று மேலிருந்தே கத்தினார். அம்மா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். அடிப்பாள் என்று தலையை மறைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துச் சாலை ஓரத்துக்குக் கூட்டி வந்து, அப்படியே நின்றாள். கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார்.

மாமா படியில் தொங்கிக்கொண்டு, குழந்தை என்றால் அப்படித்தான், ஜல்தி ஏறுக்கா என்றார்.

"நீ போடா. நான் திரும்பி ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இன்னாத்துக்குக்கா? அதான் பாஸாயிடுச்சே."

"எஃப்.சி. பாஸான வண்டி ஆக்சிடென்ட் ஆனதே இல்லியாடா?" என்று அம்மா கேட்டாள்.

மாமா இரவல் ஷூவையும் அம்மாவின் இன்னொரு செருப்பையும் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். பஸ் போய்விட்டது.

ஒரு மணியோடு வெளிநோயாளிப் பிரிவு மூடிவிடும். அப்போதே பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எதிர்ப்பக்கம் போய் நின்றோம். ஒரு பஸ்கூட நிற்கவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் என் தோலில் பதிந்தது. டாக்டரைத் தவறவிட்டால் அடுத்த வியாழன். திங்கட்கிழமை அதற்கு முன்னால் வந்துவிடும். கடைசியில் மாமா தன் தொழில்காரர்களுக்கே உரிய ஒரு சலாம் போட்டு ஒரு தக்காளி வேனை நிறுத்தினார். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து போனோம். வழியெல்லாம் மாமா ஒரே பாட்டாகப் பாடினார். கயிற்றைச் சொல்லிவிடாதே, கேஸாகிவிடும், பேஜாரு. அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள்.

டாக்டர் அறை வாசலில் உதவியாளர் பூட்டோடு நின்றிருந்தார். சீட்டுக் கொடுப்பது முடிந்துவிட்டது, அடுத்த வாரம் வா என்றார். அம்மா மாமாவின் சட்டைப்பைக்குள் கையை விட்டு இரண்டு சீட்டுகளையும் எடுத்தாள்.

"புதுச் சீட்டு வாணாங்க. இது இன்னிக்குக் குடுத்ததுதான். இதுல எழுதியிருக்கிறது தப்பு."

அவர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீ படித்தாயா என்று கேட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. தப்பா எழுத வெச்சது நான்தான்."

உள்ளே பையை எடுத்துக் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். உள்ளே வரச் சொன்னார். அம்மா மாமாவை வெளியே நிற்கச் சொன்னாள். தான் வர நேரமானால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லு, புள்ளைக்கு முதலில் சோறு வாங்கிக் கொடு என்றாள். மாமாவின் முகம் வெளுத்துப்போனது. மாட்டைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நான் நினைத்தேன்.

அம்மா உட்காரவில்லை. நின்றுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொன்னதெல்லாம் என்னைப் பற்றி. தண்டவாளம். இரண்டு முறை காணாமல் போய்க் கிடைத்தது. எரிகிற அடுப்பில் கையை விட்டது. ஒரு வாய் சோறு முடிவதற்குள் நாலு தடவை எழுந்து ஓடுவது. எவ்வளவு அடித்தாலும் அடுத்த நிமிடம் மறந்துவிடுவது. இப்போது டோல்கேட்டில் நடந்தது. யாரிடமும் சொல்லாதே என்று எனக்கே சொல்லி வைத்திருந்ததையெல்லாம் ஒரு வெளி ஆளிடம் கொட்டிக்கொண்டிருந்தாள். என் சிவப்பு சைக்கிள் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி தள்ளிப் போனது.

"களை வெட்டப் போறப்போ கயித்துல கட்டிப்போட்டுட்டுப் போறேன் டாக்டரம்மா" என்றாள்.

"அம்மா பொய் சொல்லுது" என்று கத்தினேன். "கட்டவேயில்ல. எல்லாம் பொய்."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். காலையில் கை கட்டி உட்கார்ந்திருந்த நல்ல பிள்ளை நான். நல்லாத்தான் இருக்குது என்று இரண்டு முறை சொன்னவள் அவள். யாரை நம்புவார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அம்மா என்னைத் திட்டவில்லை, சத்தியம் செய்யவில்லை. தரையில் குந்தி, என் இடது காலைத் தன் தொடைமேல் வைத்து, சாக்ஸைக் கீழே உருட்டினாள்.

எனக்கு அழுகை வந்தது, வளையத்துக்காக இல்லை, தோற்றுவிட்டதற்காக.

"போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லிக்கோங்க. புள்ளைக்கு முன்னாடி ஒரு வழி பண்ணுங்க" என்றாள் அம்மா. தலை நிமிரவில்லை.

டாக்டரம்மா பையை மேஜை மேல் திரும்ப வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கயிறு எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "நெழலு எட்டும். கெணறு எட்டாது" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து வந்து அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தார். போலீஸுக்கு இதில் வேலை இல்லை, ஆனால் இனிமேல் கட்டக் கூடாது, கட்டாமல் இருப்பதற்கு என்ன வழி என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம் என்றார். ஒரு புது ஃபைல் எடுத்தார். பழையபடி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை மாதத்தில் நடந்தாள், எப்போது பேசினாள், தூக்கம் எப்படி, கோபம் வந்தால் எவ்வளவு நேரம். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தேதி தெரியாததற்கு எந்த விதைப்பின்போது என்று சொன்னாள். கடைசியில் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். பரிசோதனை நடக்கிறது, வகுப்பிலிருந்து நீக்க வேண்டாம், முன் வரிசையில் உட்கார வையுங்கள் என்று. டீச்சர் நிரப்ப வேண்டிய கேள்வித்தாள் ஒன்றையும் கொடுத்தார்.

திங்கட்கிழமை நான் முன் வரிசையில் உட்கார்ந்தேன். அதாவது உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். சைக்கிள் போய்விட்டது, காட்டிக்கொடுத்தவள் அவள். அந்த வாரம் அவள் கொல்லைக்குப் போகவில்லை. களை மல்லாட்டைக்கு மேல் வளர்ந்தது. அப்பா அதற்கு மட்டும் சத்தம் போட்டார், கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

மாத்திரை உடனே தரவில்லை. பள்ளிக் கேள்வித்தாள் போய், அப்பா ஒருமுறை முணுமுணுத்துக்கொண்டே வந்து போய், எடை பார்த்து, நெஞ்சுத்துடிப்புப் பார்த்து, அதற்குப் பிறகுதான் காலையில் அரை மாத்திரை. படிக்கத் தெரியாத அம்மாவுக்காகக் கவரில் ஒரு சூரியனும் பக்கத்தில் ஒரு தட்டும் வரைந்து கொடுத்தார்கள்: விடிந்ததும், சாப்பிட்ட பிறகு. முதல் நாள் அம்மா எனக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரை என்னை எங்கேயாவது கொண்டுபோய்விடுமோ என்பது போல.

கொஞ்ச நாளில் அளவைக் கூட்டினார்கள். நான் அசையாமல் உட்கார்ந்தேன். மத்தியானச் சோறு வேண்டாம் என்றேன். தலைமையாசிரியை மற்ற பிள்ளைகளிடம் என்னைக் காட்டி, இப்படி இருக்க வேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மறு வியாழனே, வரச் சொன்ன நாளுக்கு முன்பே, என்னை இழுத்துக்கொண்டு விழுப்புரம் போய்விட்டாள்.

"ஸ்கூல்ல மெச்சிக்கிறாங்க டாக்டரம்மா. ஆனா ஊட்ல சத்தமே இல்ல. இது என் புள்ள மாதிரி இல்ல" என்றாள்.

எடை பார்த்தார்கள், குறைந்திருந்தது. அளவு குறைந்தது. காலையில் மாத்திரைக்கு முன் வயிறு நிறையக் கேப்பைக் கூழ், சாயங்காலம் பசி திரும்பும்போது சோறு என்று ஓர் ஒழுங்கு வந்தது. நான் மறுபடியும் பேச ஆரம்பித்தேன், பாட ஆரம்பித்தேன், கணக்கில் ஒரு பக்கத்தை முதல்முறையாகக் கடைசி வரைக்கும் போட்டேன். மாதம் ஒரு வியாழன் என்று அது ஆறு வருடம் போனது. கயிறு மாட்டுக்குப் போய்விட்டது.

ஒன்பதாம் வகுப்பில், சிறுகச் சிறுகக் குறைத்த மருந்தை அடியோடு நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்த வியாழன் அன்று, வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஃபைல் என் மடியில் இருந்தது. ஒவ்வொரு மாதமும் இருந்ததுதான்; அந்த ஆங்கிலக் கிறுக்கலைப் படிக்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அன்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். என் வயது. ஊர். எடை. அதற்குக் கீழே, தகவல் தந்தவர்: தாய். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சொல், அடியில் கோடு போட்டு: நம்பத்தகுந்தவர்.

அந்தப் பக்கமாக வந்த நர்ஸ் அக்காவிடம் இது என்ன என்று காட்டினேன். எல்லா ஃபைலிலும் அது உண்டு என்றார். பிள்ளையைப் பற்றிச் சொல்கிறவர் பேச்சை நம்பலாமா கூடாதா என்று டாக்டர் பார்த்து எழுதுவது. சில பேருக்குக் கூடாது என்றும் எழுதுவார்கள்.

பக்கத்தில் இருந்த அம்மா, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன்.

"இன்னொரு தபா படி" என்றாள்.

படித்தேன். அவள் ஃபைலை வாங்கி, அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடினாள். எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். எட்டு வயதில், அம்மா பொய் சொல்கிறாள் என்று கத்தியபோது, அந்த அறையில் பரிசோதிக்கப்படுவது நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.